இதய ஆய்வு மாநாட்டுக்கு ட்ராவல் கிராண்ட்: சிறுபான்மைப் பட்டியலில் நாம் வருவோமா, பணம் எப்போது கைக்கு வரும்?

தாமிரபரணி_தண்ணி

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போஸ்ட்டாக்காக (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளராக) இருக்கிறேன். இங்கே குடியேறிய தெற்காசியர்களின் இதயத் தமனிகளில் படியும் கால்சியம் பற்றிய தரவோடுதான் என் பொழுது போகிறது. அமெரிக்க இதயச் சங்கம் மார்ச் வாக்கில் நடத்தும் எபி–லைஃப்ஸ்டைல் (நோய்ப்பரவலியல், வாழ்க்கைமுறை) மாநாட்டில் என் அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) போஸ்டராகத் தேர்வாகியிருக்கிறது. கைடிடம் போய்ச் சொன்னேன். வாழ்த்திவிட்டு, "இந்த கிராண்ட்டில் பயணப் பணம் தீர்ந்துவிட்டது, வெளியே ஏதாவது உதவி கிடைக்கிறதா பார்" என்றார்.

தேடியதில் ஏற்கெனவே முடிந்தவை, இன்னும் திறக்காதவை, பாதி அழிந்த பக்கங்கள் என்று பல வந்தன. நிறைய இடத்தில் "போதிய பிரதிநிதித்துவம் இல்லாத பிரிவைச் சேர்ந்த இளம் ஆய்வாளர்களுக்கு" என்று போட்டிருக்கிறது. இந்த நாட்டில் நாமும் சிறுபான்மைதானே, விண்ணப்பிக்கலாமா?

இன்னொரு விஷயம். எங்கள் ஆய்வகத்தில் மிசிசிப்பியிலிருந்து வந்த கறுப்பினப் பிஎச்டி மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அப்ஸ்ட்ராக்டும் தேர்வாகியிருக்கிறது. அவளுக்குத் தகுதி இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் விண்ணப்பிக்க மாட்டேன் என்கிறாள். "பணம் பிறகு தருவார்கள். டிக்கெட்டும் ஓட்டலும் இப்போது யார் போடுவது? என் கார்டில் இடம் இல்லை" என்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

---

பழைய_எபி

வாழ்த்துகள் தங்கச்சி. எபி மாநாட்டில் போஸ்டர் கிடைப்பது நல்ல விஷயம். நவம்பரில் அதே சங்கம் நடத்தும் பெரிய மாநாட்டில் கூட்டத்தில் தொலைந்துபோவோம். எபி சின்னது. நாம் கட்டுரையில் மேற்கோள் காட்டும் ஆட்களே போஸ்டர் பக்கம் காபிக் கோப்பையோடு நடந்து வருவார்கள்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பெரும்பாலும் இல்லை. அமெரிக்க ஆய்வு உலகம் பல ஆண்டுகளாகப் பின்பற்றியது என்ஐஹெச்சின் (அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின்) வரையறையை. 2019 நவம்பரில் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் மக்கள், அமெரிக்கப் பழங்குடியினர், அலாஸ்காப் பூர்வகுடிகள், ஹவாய் மற்றும் பசிபிக் தீவு மக்கள் அதில் வந்தார்கள். ஆசியர்கள் வரவில்லை. மக்கள்தொகையில் நாம் சிறுபான்மைதான், ஆனால் ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் நமக்கு ஆள் பஞ்சம் இல்லை. உங்கள் கட்டடத் தளத்தில் எத்தனை இந்தியப் பெயர்ப் பலகை என்று எண்ணிப் பாருங்கள்.

அதே வரையறையில் இன்னொரு பிரிவும் இருந்தது: வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்தவர்கள். பெற்றோர் பட்டதாரி இல்லை, பள்ளியில் இலவச மதிய உணவுத் திட்டத்தில் இருந்தார், கல்லூரியில் பெல் கிராண்ட் (வசதி குறைந்தவர்களுக்கு அரசு தரும் உதவி) வாங்கினார், கிராமப்புறத்தில் வளர்ந்தார் என்று சில அடையாளங்கள்; குறைந்தது இரண்டு பொருந்தினால் போதும். நம் ஊரில் சத்துணவு சாப்பிட்டுப் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்த அடையாளங்கள் அமெரிக்க வாழ்க்கையை வைத்து எழுதப்பட்டவை. மேலும் என்ஐஹெச் பயிற்சி உதவிகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். ஜே-1க்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். கே99 (போஸ்ட்டாக்கிலிருந்து தனி ஆய்வாளராக மாறுவோருக்கான நிதி) மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, அது வேறு கதை.

தனியார் சங்கங்களின் விதி சங்கத்துக்குச் சங்கம் மாறும். குடியுரிமை கேட்காத உதவிகளும் உண்டு. தகுதிப் பத்தியை முழுதாகப் படியுங்கள். புரியவில்லை என்றால் அந்தக் குழுவின் ஊழியருக்கு இரண்டு வரியில் மெயில் போடுங்கள். அவர்கள் பதில் சொல்வார்கள்.

---

நேர்_கேள்வி

எனக்கு இது புரியவே இல்லை. இதய நோயில் தெற்காசியர்களுக்கு ஆபத்து அதிகம் என்று 2018 கொலஸ்ட்ரால் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆபத்தை அதிகரிக்கும் காரணிகளில் தெற்காசிய வம்சாவளியும் ஒன்று. நோயில் நம்மைத் தனியாக எண்ணுவார்கள், காசு கொடுக்கும்போது மட்டும் "நீங்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள்" என்பார்களா? என்ஐஹெச் கிராண்ட்டிலும் ஆசிய விண்ணப்பதாரர்களுக்கு வாய்ப்பு குறைவு என்று 2011ல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்ததே.

---

ஜாக்சன்_வெயில்

> நோயில் நம்மைத் தனியாக எண்ணுவார்கள், காசு கொடுக்கும்போது மட்டும்...

நோயாளிக்கு ஆபத்து அதிகம் என்பதும், ஆய்வாளர் அறையில் இல்லை என்பதும் வேறு வேறு குறைகள். ஒன்றுக்குப் பரிகாரம் ஆய்வு நிதி. மற்றொன்றுக்குத்தான் இந்தப் பயண உதவி.

நான் மிசிசிப்பியில் புள்ளியியல் வேலை பார்க்கிறேன், ஜாக்சன் இதய ஆய்வின் தரவைத் தொட்டுப் பழகியவள். 5,306 கறுப்பின மக்களை 2000 முதல் 2004 வரை சேர்த்துத் தொடங்கிய ஆய்வு அது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் எண்ணிக்கை இல்லை, அமைப்பு. மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு ஜாக்சன் ஸ்டேட், டூகலூ என்ற இரண்டு கறுப்பினக் கல்வி நிறுவனங்களையும் பங்காளிகளாக வைத்தார்கள். இளநிலை மாணவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். தங்கள் ஊர் மக்களின் இரத்த அழுத்தத்தைத் தாங்களே ஆராயும் தலைமுறை வர வேண்டும் என்ற எண்ணம்.

அந்தப் பிள்ளைகள் மாநாட்டுக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். பெரிய பல்கலைக்கழகத்து மாணவனுக்குக் கைடு ஏற்கெனவே பத்துப் பேரைத் தெரிந்தவர். "இவர் என் மாணவர்" என்று கையைப் பிடித்து அறிமுகம் செய்துவைப்பார். சின்னக் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த ஆள் இல்லை. போஸ்டர் அருகே நிற்கும் நேரம்தான் அறிமுகம். அந்த நேரத்தில்தான் "எங்கள் குழுவில் போஸ்ட்டாக் இடம் இருக்கிறது, சிவி அனுப்பு" என்ற பேச்சு வரும். ஆயிரத்துச் சொச்சம் டாலர் இல்லாமல் அந்த இடத்தில் நிற்க முடியாமல் போகிறவர்கள் யார் என்று பாருங்கள் நேர்_கேள்வி. உங்களையும் என்னையும் விட அவர்கள்தான் அதிகம்.

அமெரிக்க இதயச் சங்கம் 1924ல் தொடங்கியது. அதற்கு முதல் கறுப்பினத் தலைவராக எட்வர்ட் கூப்பர் வந்தது 1992ல். நடுவில் 1974ல் கறுப்பின இதய மருத்துவர்கள், ரிச்சர்ட் ஆலன் வில்லியம்ஸ் முன்னின்று, தங்களுக்கென்று தனிச் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே இடம் கிடைத்திருந்தால் தனியாக ஒன்று தொடங்கும் தேவை இவ்வளவு இருந்திருக்குமா?

---

பழைய_எபி

> 2011ல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்ததே

வந்தது. ஜின்தர் குழுவின் கட்டுரை. வெள்ளையரோடு ஒப்பிட்டால் ஆசியர்களுக்கு 4 சதவீதப் புள்ளி குறைவு, கறுப்பினத்தவருக்கு 13 குறைவு. படிப்பு, பிறந்த நாடு, பயிற்சி, வெளியீடுகள், வேலை செய்யும் நிறுவனம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பினத்தவருக்கு 10 புள்ளி இடைவெளி அப்படியே நின்றது. அதுதான் அந்தக் கட்டுரை எழுப்பிய புயல். 4ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 13ஐ விட்டுவிடாதீர்கள் ஐயா.

2019ல் ஹாப்பி குழு அதைத் தொடர்ந்து பார்த்தது. இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தலைப்புத் தேர்விலிருந்தே வருகிறதாம். கறுப்பின ஆய்வாளர்கள் சமூக அளவிலான தலைப்புகளை, மக்கள் நலத் தலையீடுகளை அதிகம் எடுக்கிறார்கள். அந்தத் தலைப்புகளுக்கே நிதி குறைவு. இதய நலத்தில் இது நேராகப் பொருந்தும். முடிவெட்டும் கடையில் இரத்த அழுத்தம் பார்ப்பது, தேவாலயத்தில் உப்பைக் குறைக்கச் சொல்வது மாதிரி வேலைகளை மேலே பரிசீலிக்கும் குழுவில் யாராவது மதிக்க வேண்டும் என்றால், அந்த வேலையைச் செய்பவர்கள் அந்தக் குழுக்களில் உட்கார வேண்டும். குழுவுக்கு ஆள் தேடும்போது தெரிந்த முகத்தைத்தான் கூப்பிடுகிறார்கள். முகம் தெரிவது மாநாட்டில்.

தெற்காசியர் விஷயத்திலும் உங்கள் பேச்சில் பாதி நியாயம் உண்டு. 2000ல் மெசா என்ற பல இன இதய ஆய்வு 6,814 பேரோடு தொடங்கியபோது வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக், சீனர் என நான்கு பிரிவு. நாம் இல்லை. அதனால்தான் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் 906 பேரைச் சேர்த்து 2010ல் மசாலா ஆய்வைத் தொடங்கினார்கள், அல்கா கனயாவும் நம்ரதா கந்துலாவும். (பெயர் வைத்தவருக்கு ஒரு விருது கொடுக்கலாம்.) அது ஆய்வில் நாம் விடுபட்ட கதை. சரி செய்தவர்கள் தெற்காசிய ஆய்வாளர்கள். சரி செய்ய நம்மில் போதுமான ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

---

ஸ்காப்ரோ_தம்பி

கனடாவிலிருந்து எழுதுகிறேன். அண்ணைமார் கதைப்பதெல்லாம் அமெரிக்கக் கணக்கு. இங்கே சட்டத்திலேயே "கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையினர்" என்று ஒரு பிரிவு இருக்கிறது, வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில். தெற்காசியர் அதில் அடங்குவினம். 2021 கணக்கெடுப்பில் அந்தப் பிரிவுகளில் ஆகப் பெரியது நாங்கள்தான், மக்கள்தொகையில் 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. எனவே இங்கே ஒரு விண்ணப்பத்தில் சுய அடையாளப் படிவம் தந்தால் நான் தயங்காமல் நிரப்புவன்.

ஆனால் அதனால் பெட்டி நிறையப் பணம் வரும் என்று நினைக்க வேண்டாம். படிவம் நிரப்புவது கணக்கெடுக்கத்தான் பெரும்பாலும். பயணப் பணம் வேறாக, கனேடிய சுகாதார ஆய்வு நிறுவனங்களின் பயண விருதுகள், பல்கலைக்கழகத்துப் பட்டதாரி மாணவர் நிதி, மாநாட்டின் சொந்த விருது என்று துண்டு துண்டாகத்தான் பொறுக்க வேணும். ஒரேயொரு வசதி, தெற்காசிய இதய ஆய்வுக்கு இங்கே வயது அதிகம். மக்மாஸ்டரில் சோனியா ஆனந்த், சலீம் யூசுப் ஆட்கள் செய்த ஷேர் ஆய்வு 2000லேயே லான்செட்டில் வந்துவிட்டது. ஹாமில்டன், டொரொன்டோ, எட்மன்டன் மூன்று இடத்திலும் தெற்காசியர், சீனர், ஐரோப்பியரை ஒப்பிட்டவை. அந்த வழியில் படித்து வந்தவர்கள் இப்போது பேராசிரியர்கள். எங்களுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் இருக்கு. ஜாக்சன் அக்கா சொன்னது எனக்கு நல்லா விளங்குது.

---

கொங்கு_கணக்கு

நான் ஆய்வாளன் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் கிராண்ட் அலுவலகத்தில் வேலை. உங்கள் வாதத்தை ரசித்துப் படித்தேன், ஆனால் அந்த மிசிசிப்பிப் பெண்ணின் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு முக்கியம்.

கணக்கைப் போடுங்கள். என்ஐஹெச் பயிற்சி உதவித்தொகையில் இருக்கும் பிஎச்டி மாணவிக்கு 2025 நிதியாண்டில் ஆண்டுக்கு 28,788 டாலர். மாதம் 2,400, அதிலும் வரி போகும். வாடகை கட்டினால் என்ன மிஞ்சும்? மாநாட்டுப் பதிவு, விமானம், மூன்று ராத்திரி ஓட்டல் எல்லாம் சேர்ந்தால் 1,500 டாலரை எளிதில் தாண்டும். கார்டில் தேய்த்துவிட்டு, மாநாடு முடிந்து, ரசீது ஏற்றி, யாரோ ஒருவர் ஒப்புதல் கொடுத்து, காசோலை வருவதற்குள் இரண்டு மாதம் போய்விடும். அதுவரை கார்டு வட்டியை மாணவி கட்ட வேண்டும். வட்டிக்கு ரசீது கொடுத்தால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஏழைப் பிள்ளைக்கு என்று ஒரு உதவியை வைத்துவிட்டு, முதலில் நீ போட்டுக்கொள் என்பது என்ன கணக்கோ. நான் இதே அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்: அந்த விதியை எழுதியவர் யாரும் கார்டு நிரம்பி நின்றவர் இல்லை.

ஆனால் வழி இருக்கிறது. மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பதிவுக் கட்டணத்தைத் துறையின் பர்ச்சேஸிங் கார்டில் நேராகக் கட்டச் சொல்லலாம். அது ஐந்து நிமிட வேலை. விமான டிக்கெட்டை பல்கலைக்கழகத்தின் பயண முகவர் மூலம் போட்டால் பில் நேராகத் துறைக்குப் போகும், மாணவி கார்டைத் தொட வேண்டாம். ஓட்டலுக்கு மூன்றாம் நபர் கார்டு அனுமதிப் படிவம் என்று ஒன்று உண்டு. துறை அதை நிரப்பி ஓட்டலுக்கு முன்பே அனுப்ப வேண்டும். இதை மட்டும் கடைசி நாள் வரை விடாதீர்கள், வரவேற்பு மேசையில் "எங்களுக்கு வரவில்லை" என்பார்கள். படிவத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில இடங்களில் முன்பணமும் தருவார்கள்.

அப்படியென்றால் ட்ராவல் கிராண்ட் எதற்கு? அது வந்ததும் துறைக்குப் போகட்டும். துறை முன்னால் போடும், சங்கம் பின்னால் நிரப்பும். மாணவி நடுவில் இருக்கவே வேண்டாம். கிராண்ட் கிடைத்த கடிதம் கையில் இருந்தால் துறை நிர்வாகி பெரும்பாலும் சம்மதிப்பார், ஏனென்றால் பணம் வருவது உறுதி. அதனால்தான் அந்தப் பெண் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று, தாமிரபரணி. "பயணப் பணம் தீர்ந்துவிட்டது" என்று உங்கள் கைடு சொன்னதன் பொருள் பல நேரம் "பயணம் என்ற வரியில் தீர்ந்துவிட்டது" என்பதுதான். என்ஐஹெச் கிராண்ட்டில் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு ஓரளவு நகர்த்த பெரும்பாலும் முன் அனுமதி தேவையில்லை. இரசாயனம் வாங்க வைத்த பணம் மிச்சம் இருக்கலாம். கைடுக்கே இது தெரியாமல் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மரியாதையாக, "நம் கிராண்ட் நிர்வாகியிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

---

தாமிரபரணி_தண்ணி

கொங்கு அண்ணா, இதை யாருமே சொல்லவில்லை! அவளிடம் காட்டினேன். மூன்றாம் நபர் படிவத்தைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லை. நானும்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். ஜே-1ல் இருக்கும் எனக்கு வெளியிலிருந்து ஏதாவது பயண விருது கிடைத்தால் வரி பிடிப்பார்களா? எங்கள் தளத்தில் ஒருவருக்கு 500 டாலர் என்று சொல்லிவிட்டு அதைவிடக் குறைவாக வந்ததாம்.

---

கொங்கு_கணக்கு

பிடிக்கலாம், எந்தப் பெயரில் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வரி விஷயத்தில் நீங்கள் வெளிநாட்டவர் கணக்கில் இருந்தால், உதவித்தொகை என்று கொடுத்தால் எஃப், ஜே விசாக்காரர்களுக்கு 14 சதவீதம் பிடிப்பார்கள். பரிசு என்று கொடுத்தால் 30 சதவீதம். ரசீது வாங்கிக்கொண்டு ஆன செலவை மட்டும் திருப்பித் தருவது பொதுவாக வருமானமாகக் கணக்காகாது. ஆகவே விருது வந்தால் முதல் மெயிலிலேயே "இது ரசீது அடிப்படையிலா, மொத்தத் தொகையா?" என்று கேட்டுவிடுங்கள். மொத்தமாகத் தருவது கையில் பணம் இல்லாதவருக்கு வசதி, வரியில் பாதகம். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. பிடித்தால் ஆண்டு முடிந்தபின் அந்த வரியைக் காட்டும் 1042-எஸ் படிவம் வரும். பத்திரமாக வையுங்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது கொஞ்சம் திரும்பவும் வரலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவர் வரி அலுவலரைப் பாருங்கள், இங்கே எழுதுவதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டு மாநாடு என்றால் கதை இன்னும் நீளும். அமெரிக்க அரசுப் பணத்தில் பறந்தால் அமெரிக்க விமான நிறுவனத்தில்தான் போக வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது, சில விலக்குகளோடு. மலிவான டிக்கெட்டைத் தானே போட்டுவிட்டு ரசீதோடு வந்து நிற்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

---

நேர்_கேள்வி

சரி, ஜாக்சன் அக்கா சொன்னதை ஏற்கிறேன், பழைய_எபி சொன்ன எண்களையும்தான். ஆனால் நடைமுறையைப் பேசுவோம். இந்த உதவிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா? இனம் பார்த்துக் கொடுப்பதையே நீதிமன்றம் நிறுத்திவிட்டதே.

---

பழைய_எபி

நீதிமன்றம் நிறுத்தியது ஒன்று, அரசு நிறுத்தியது இன்னொன்று. கலக்க வேண்டாம்.

2023 ஜூனில் ஹார்வர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது கல்லூரிச் சேர்க்கையில் இனம் பார்ப்பது பற்றி. பயண உதவிக்கு அதைவிட நெருக்கமானது அட்லாண்டாவில் நடந்த ஃபியர்லெஸ் ஃபண்ட் வழக்கு. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் 20,000 டாலர் நிதி கொடுக்கும் போட்டி அது. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலையான அடிமைகளைக் காக்க 1866ல் வந்த குடிமை உரிமைகள் சட்டத்தையே காட்டி அதை எதிர்த்தார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் போட்டியை நிறுத்தி வைத்தது, செப்டம்பரில் சமரசமாக முடிந்தது, போட்டி மூடப்பட்டது. அரசுப் பணமே இல்லாத தனியார் நிதிக்கும் அந்தச் சட்டம் பாயும் என்று தெரிந்ததும், எல்லாச் சங்கங்களின் வழக்கறிஞர்களும் விழித்துக்கொண்டார்கள்.

அப்புறம் 2025 ஜனவரியில் புதிய அரசு வந்ததும் பலதரப்பினரையும் உள்ளே சேர்க்கும் பன்முகத் திட்டங்களுக்கு எதிராக அடுத்தடுத்து இரண்டு ஆணைகள். என்ஐஹெச்சில் பிஎச்டி மாணவர்களுக்கான எஃப்31 உதவித்தொகையின் பன்முகப் பிரிவு, போஸ்ட்டாக்குகளுக்கான மொசெயிக் திட்டம் எல்லாம் போய்விட்டன. தங்கச்சி பார்த்த பாதி அழிந்த பக்கங்கள் இப்படி வந்தவையாக இருக்கலாம்.

ஆனால் பணம் முழுதாகக் காய்ந்துவிடவில்லை. சில சங்கங்கள் "இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்" என்பதை எடுத்துவிட்டு, "சுகாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வேலை செய்பவர்", "வளம் குறைந்த நிறுவனத்திலிருந்து வருபவர்", "முதல் தலைமுறைப் பட்டதாரி" என்று எழுதியிருக்கின்றன. இப்படி மாற்றினால் கதவு அகலமாகிறது, நமக்கும் இடம் வருகிறது. எனக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. கதவு அகலமானால் முதலில் நுழைவது விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆள்தான், அவருக்குப் பின்னால் கடிதம் எழுதிக்கொடுக்க ஒரு பெரிய பெயர் இருக்கும். யாருக்காகத் தொடங்கியதோ அவர் வரிசையில் பின்னால் போய்விடுவார். ஆனால் பூட்டிய கதவைவிட இது மேல்.

---

ஜாக்சன்_வெயில்

பழங்குடி ஆய்வாளர்களையும் மறக்க வேண்டாம். ஸ்ட்ராங் ஹார்ட் ஆய்வு 1988 முதல் அரிசோனா, ஓக்லஹோமா, டகோட்டாக்களில் நடக்கிறது. அங்கே கட்டுரை வெளியிடவே பழங்குடிகளின் ஒப்புதல் வேண்டும். தங்கள் மக்களின் இரத்தத்தையும் தரவையும் வைத்து யார் பேசுகிறார்கள் என்பதில் அவர்கள் கறார். அந்தச் சமூகத்திலிருந்து ஒரு பிள்ளை மேடையில் நின்று அந்தத் தரவைப் பேசுவதும், நான் நின்று பேசுவதும் அவர்களுக்கு ஒன்றாகாது. ஊரிலிருந்து விமான நிலையத்துக்கே பல மணி நேரம் காரில் வர வேண்டிய பிள்ளைகளும் உண்டு. பயண உதவிப் படிவத்தில் அந்தப் பெட்ரோல் செலவுக்கு இடமே இருக்காது.

---

வேலூர்_வார்டு

நடுவில் ஒரு கேள்வி. இந்தியாவில் இருந்துகொண்டு அமெரிக்க மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பினால் இவற்றில் எதுவும் நமக்குக் கிடைக்குமா? எனக்குக் கிடைத்த ஒரே பதில் "சொந்தக் காசில் போ" என்பதுதான்.

---

பழைய_எபி

இங்கே பேசியவை பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு மாநாட்டிலேயே தனி விருதுகள் இருக்கலாம், அந்தந்த ஆண்டின் பக்கத்தைப் பாருங்கள். இந்தியாவில் அனுசந்தான் அறக்கட்டளை (பழைய எஸ்இஆர்பி இதற்குள்தான் போனது), ஐசிஎம்ஆர் இரண்டிலும் வெளிநாட்டு மாநாட்டுக்கான பயண உதவி உண்டு. விசா வரிசை நீளம். அப்ஸ்ட்ராக்ட் அனுப்பும்போதே நேர்காணல் தேதி நிலவரத்தையும் பாருங்கள், ஏற்புக் கடிதம் வரும்வரை காத்திருந்தால் மாநாடு முடிந்துவிடும். தனி இழை தொடங்குங்கள், அங்கே விரிவாகப் பேசலாம்.

---

தாமிரபரணி_தண்ணி

நிலவரம் சொல்கிறேன். எங்கள் கிராண்ட் நிர்வாகியிடம் கைடும் நானும் பேசினோம். வேறு வரியிலிருந்து என் பதிவுக் கட்டணத்தையும் விமானத்தையும் போட முடியும் என்றார். கைடுக்கே ஆச்சரியம். ஓட்டலுக்கு போஸ்ட்டாக் அலுவலகத்தில் ஒரு சின்ன நிதி இருக்கிறது, விண்ணப்பித்துவிட்டேன். ஏற்றத்தாழ்வு ஆய்வு என்ற பெயரில் திறந்திருக்கும் ஒரு உதவிக்கு அவள் விண்ணப்பிக்கிறாள். எனக்கும் விதிப்படி தகுதி வருகிறது, ஆனால் என் செலவு முடிந்துவிட்டதால் நான் போடவில்லை. அவள் கட்டுரைப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கம்தான் இடம். என்ன எழுதினால் எடுபடும்?

---

ஜாக்சன்_வெயில்

நான் சில விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் முதல் பத்தியில் "அமெரிக்காவில் மரணத்துக்கு முதல் காரணம் இதய நோய்" என்று தொடங்குவார்கள். படிப்பவர்கள் எல்லோரும் இதய ஆட்கள், அவர்களுக்கு அது தெரியும். அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள்.

அந்த இடத்தில், மாநாட்டில் யாரைப் பார்க்கப் போகிறாள், எதற்கு என்று எழுதட்டும். "ஆய்வு வாழ்க்கைக்கு உதவும்" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். இந்தக் குழு, இந்தத் தரவு, இந்தக் கேள்வி என்று இருக்க வேண்டும். ஊர்க் கதையை இரண்டு வரியில் சொன்னால் போதும். கஷ்டத்தை நீட்டி எழுதினால்தான் கொடுப்பார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி எழுதவைப்பது எனக்குப் பிடிக்காது, எழுதாமலும் கிடைக்கிறது. பட்ஜெட்டில் துல்லியமாக இருக்கட்டும்: டாக்ஸி, சாப்பாடு, போஸ்டர் அச்சு உட்பட. துறை முன்னால் போடும், பணம் துறைக்கே வரட்டும் என்று அங்கேயே ஒரு வரி.

பரிந்துரைக் கடிதம் கைடு எழுதுகிறாரா? அவர் நேரமில்லை என்றால் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பே மூன்று குறிப்பு எழுதி அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், மாநாட்டுக்கு வந்ததும் உங்கள் போஸ்டருக்கும் அவள் போஸ்டருக்கும் ஒரே நேரம் போட்டிருக்கிறார்களா பாருங்கள். இல்லை என்றால் அவள் நிற்கும்போது நீங்கள் போய், தெரிந்தவர்களை அவள் பக்கம் கூட்டி வாருங்கள். நானும் வருகிறேன், எனக்குத் தெரிந்த ஜாக்சன் ஆட்கள் நாலைந்து பேரை அழைத்து வருவேன்.

---

கொங்கு_கணக்கு

போஸ்டரைத் துணியில் அச்சடியுங்கள். மடித்துப் பெட்டியில் போடலாம், குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். அச்சு ரசீதில் துறையின் பெயர் இருக்கட்டும், உங்கள் பெயர் வேண்டாம்.